ஒடுங்கும் வால்வு, ஓடும் காலம்

கிருஷ்ணகிரி மாவட்டத்துப் போச்சம்பள்ளியில் ஞாயிற்றுக்கிழமை சந்தை கூடும். சுற்று வட்டார ஊர்களிலிருந்து ஆடும் கோழியும் காய்கறியும் தானியமும் வந்து இறங்கும். போன வருஷம் வரை இந்தச் சந்தையை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்து சாமான் வாங்கிய அறுபத்தெட்டு வயதுக்காரர் ஒருவர், இந்த வருஷம் டீக்கடை பெஞ்சிலேயே உட்கார்ந்துகொண்டு பேரனை உள்ளே அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். என்ன ஆச்சு என்று கேட்டால், "வயசாயிடுச்சு இல்ல, நாலு எட்டு வெச்சா மூச்சு வாங்குது" என்பார். வீட்டில் உள்ளவர்களும் ஆமாம் என்று தலையாட்டுவார்கள்.

மூச்சு வாங்குவதற்குக் காரணங்கள் நிறைய உண்டு. ரத்தசோகை இருக்கலாம், பல வருஷத்துப் பீடி இருக்கலாம், கட்டுப்படாத சர்க்கரை இருக்கலாம். ஆனால் அறுபதைத் தாண்டியவர்களில் சிலருக்குக் காரணம் வேறு. இதயத்திலிருந்து ரத்தம் உடம்புக்குள் போகும் ஒரே வாசல் ஒடுங்கிக்கொண்டே வந்திருக்கும். 3 முதல் 4 சதுர சென்டிமீட்டர் வரை திறக்க வேண்டிய வால்வு, 1 சதுர சென்டிமீட்டர்கூடத் திறக்காமல் இறுகிப் போயிருக்கும். டாக்டர்கள் இதை அயோர்ட்டிக் ஸ்டெனோசிஸ் என்கிறார்கள். தமிழில் பெருந்தமனி வால்வுச் சுருக்கம்.

பெருந்தமனி என்ற சொல் 2024 செப்டம்பர் 30 அன்று நடிகர் ரஜினிகாந்த் சென்னை அப்போலோ மருத்துவமனையில் சேர்க்கப்பட்டபோது தமிழ்நாடு முழுக்கப் பரவியது. இதயத்திலிருந்து கிளம்பும் அந்தப் பெரிய ரத்தக் குழாயில் அவருக்கு வீக்கம் இருந்தது, உள்ளே ஸ்டென்ட் வைத்துச் சரிசெய்தார்கள். அது குழாயின் நோய். இங்கே பேசுவது அந்தக் குழாயின் வாசலில் உள்ள வால்வின் நோய். இரண்டும் அக்கம்பக்கத்து இடங்கள், ஆனால் வேறு வேறு கதைகள்.

இந்த வால்வுக்கு மூன்று மெல்லிய இதழ்கள். இடது கீழறை சுருங்கும்போது அவை விலகி வழிவிடும், சுருங்கி முடித்ததும் ஒன்றோடொன்று சேர்ந்து மூடிக்கொண்டு, வெளியே போன ரத்தம் திரும்பி வராமல் தடுக்கும். ஒரு நாளைக்குச் சுமார் 1 லட்சம் தடவை. எழுபது வருஷத்தில் 250 கோடி தடவைக்கு மேல். இதழ்கள் தடித்து, சுண்ணாம்பு ஏறி, அசைய மறுத்தால் என்ன ஆகும் என்பதைப் பாரூர் ஏரியின் மதகைப் பார்த்தவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. மதகுப் பலகை பாதியில் சிக்கிக்கொண்டால், ஏரி நிரம்பியிருந்தும் கடைமடைக்குத் தண்ணீர் போகாது. சந்தில் பீறிட்டு வரும் நீரின் வேகம் மட்டும் கூடும்.

ஏரி சும்மா இருக்கும். இதயம் சும்மா இருக்காது. எப்படியாவது ரத்தத்தைத் தள்ளிவிட வேண்டும் என்று கூடுதல் அழுத்தம் கொடுக்கும். கையில் பட்டை கட்டி அளந்தால் பிரஷர் 120 என்று சாதாரணமாகக் காட்டும். அதே நேரத்தில் இதயத்தின் கீழறைக்குள்ளே அழுத்தம் 170-ஐத் தாண்டியிருக்கும். இந்தச் சுமையைத் தாங்குவதற்காகக் கீழறையின் தசைச் சுவர் வருஷக்கணக்கில் தடிக்கிறது. தடித்த சுவர் விறைப்பாகிறது, எளிதில் விரிந்து ரத்தத்தை வாங்கிக்கொள்ள முடிவதில்லை. பின்னால் நுரையீரல் வரைக்கும் நெருக்கடி எட்டுகிறது. மூச்சு வாங்குவது அங்கிருந்துதான் தொடங்குகிறது.

சுண்ணாம்பு ஏறுவது என்றதும், பாலும் கேழ்வரகும் அதிகம் சாப்பிட்டதால் வந்ததோ என்ற கேள்வி எழும். களி உண்டு வளர்ந்த கிருஷ்ணகிரிப் பக்கத்தில் இந்தக் கேள்வி நியாயமானதே. பதில்: கேழ்வரகின் மேல் பழியில்லை. உணவில் உள்ள கால்சியம் நேரே போய் வால்வில் ஒட்டுவதில்லை. இதழின் மேற்பரப்பு சிதைந்து, அங்கே கொழுப்பு புகுந்து, அழற்சி உண்டாகி, பிறகு இதழில் உள்ள செல்களே எலும்பை உருவாக்கும் செல்களைப் போல நடந்துகொள்ளத் தொடங்குகின்றன. வெறும் தேய்மானம் என்று முன்பு நினைத்தார்கள். இப்போது அது உயிருள்ள திசு தானே நடத்தும் ஒரு செயல் என்று தெரிந்திருக்கிறது. வயது, உயர் ரத்த அழுத்தம், புகை, சர்க்கரை, கெட்ட கொழுப்பு, சிறுநீரகக் கோளாறு எல்லாம் அதற்கு உதவுகின்றன. லிப்போபுரோட்டீன்-ஏ என்றொரு கொழுப்புத் துகளுக்கும் இதில் பங்கு உண்டு. அதன் அளவு பெரும்பாலும் பரம்பரையால் தீர்மானிக்கப்படுகிறது, உணவைக் குறைத்து அதைக் குறைக்க முடியாது. கால்சியம் மாத்திரை மட்டும், ஏற்கெனவே வால்வு சுருங்கியவர்கள் டாக்டரிடம் கேட்காமல் தாமாக வாங்கி விழுங்க வேண்டாம்.

முதுமை மட்டுமே காரணம் என்றால் இளையவர்கள் தப்பித்திருப்பார்கள். அப்படியில்லை. நூற்றில் ஒருவர் அல்லது இருவர் மூன்று இதழுக்குப் பதில் இரண்டு இதழோடு பிறக்கிறார்கள். ஆண்களிடம் இது கூடுதல். பிறந்தபோது எந்தத் தொந்தரவும் இருக்காது, ஓடுவார்கள், ஆடுவார்கள், பளு தூக்குவார்கள். ஆனால் இரண்டு இதழ் வால்வின் மேல் விழும் இழுவிசை அதிகம் என்பதால், மற்றவர்களுக்கு எழுபதில் வருவது இவர்களுக்கு ஐம்பதிலேயே வந்துவிடுகிறது. ஹாலிவுட் நடிகர் அர்னால்ட் ஸ்வார்ஸ்நேகர் இப்படிப் பிறந்தவர்தான். உலகத்தின் மிகப் பிரபலமான உடற்கட்டுக்குள் இரண்டு இதழ் வால்வு இருந்தது. 1997, 2018, 2020 என்று மூன்று முறை அவர் வால்வு சிகிச்சைக்குப் படுக்க வேண்டியிருந்தது. ஓசூர், கிருஷ்ணகிரி, போச்சம்பள்ளி சிப்காட்களில் வேலை செய்யும் இளைஞர்களை இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும். 5,000 பேர் வேலை செய்யும் ஓர் ஆலையில், அந்த விகிதப்படி 50 முதல் 100 பேருக்கு இரண்டு இதழ் வால்வு இருக்கக்கூடும். வேலையில் சேரும்போது மருத்துவத் தகுதிச் சான்று வாங்குகிறார்களே, அன்றைக்கு யாராவது இரண்டு நிமிஷம் பொறுமையாக மார்பில் ஸ்டெதாஸ்கோப் வைத்தால் சிலரையாவது அப்போதே கண்டுபிடித்துவிடலாம். இப்படி ஒருவரைக் கண்டால் அவருடைய பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகளுக்கும் எக்கோ என்ற இதய ஸ்கேன் பார்ப்பது நல்லது. குடும்பத்தில் தொடரும் குணம் இதற்கு உண்டு.

மூன்றாவது காரணம் வறுமையோடு சேர்ந்து வருவது. சிறு வயதில் தொண்டையில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி தாக்கி, அதைக் கவனிக்காமல் விட்டால், சில பிள்ளைகளுக்கு ருமாட்டிக் காய்ச்சல் வருகிறது. மூட்டு வீங்கி வற்றிவிடும், இதய வால்வில் பட்ட காயம் மட்டும் தங்கிவிடும். முதலில் அடிபடுவது பெரும்பாலும் இதயத்தின் இன்னொரு வால்வான மைட்ரல், கூடவே பெருந்தமனி வால்வும் ஒட்டிக்கொண்டு சுருங்கும். மூன்று வாரத்துக்கு ஒரு முறை போடும் பென்சிலின் ஊசி மீண்டும் காய்ச்சல் வராமல் தடுக்கும். 2013-இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கும் போய்ப் பார்க்கும் நோய்களில் இதுவும் பிறவி இதயக் குறையும் உண்டு. குழு வரும் நாளில் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல் இருக்கக் கூடாது.

இந்த நோயில் மிக முக்கியமான விஷயம் காலம்.

வால்வு சுருங்கச் சுருங்க, பத்து பதினைந்து வருஷம் எந்த அறிகுறியும் தெரியாமலே ஓடலாம். பிறகு மூன்றில் ஒன்று தலைகாட்டும்: உழைக்கும்போது நெஞ்சில் இறுக்கம், மயக்கம், மூச்சுத் திணறல். 1968-இல் ஜான் ராஸ், யூஜின் பிரான்வால்ட் என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள் அன்றிருந்த தகவல்களைத் தொகுத்து எழுதிய கணக்கு இன்றும் மருத்துவ மாணவர்களுக்குப் பாடம். வால்வை மாற்றாமல் விட்டால், நெஞ்சு வலி தொடங்கியவர்கள் சராசரியாக 5 வருஷம், மயக்கம் கண்டவர்கள் 3 வருஷம், இதயம் சோர்ந்து மூச்சுத் திணறல் வந்தவர்கள் 2 வருஷம். பல புற்றுநோய்களைவிடக் கடுமையான கெடு இது. புற்றுநோய் என்றால் குடும்பமே கிளம்பி ஓடும். இதற்கோ "வயசாயிடுச்சு" என்று வீட்டிலேயே உட்கார்ந்துவிடுகிறோம்.

அறிகுறிகள் ஏமாற்றுவதும் உண்டு. மூட்டை தூக்கும்போதோ மாடிப்படி ஏறும்போதோ கை கால் தசைகளின் ரத்தக் குழாய்கள் விரிகின்றன. சாதாரண இதயம் கூடுதல் ரத்தம் அனுப்பி ஈடுகட்டும். ஒடுங்கிய வால்வால் அது முடியாது. பிரஷர் சரிந்து, மூளைக்கு ரத்தம் குறைந்து, ஆள் விழுகிறார். "பித்த மயக்கம்" என்று எலுமிச்சம்பழச் சாறு கொடுத்து எழுப்பி உட்கார வைப்பார்கள். நெஞ்சு இறுக்கத்துக்கு "கேஸ்" என்று பெயர். அதைவிடச் சிக்கல், நெஞ்சு வலி என்றதும் பக்கத்து வீட்டுக்காரர் தன் மாத்திரையை எடுத்து நாக்கின் கீழே வைக்கச் சொல்வது. அந்த மாத்திரை ரத்தக் குழாய்களை விரிக்கும். வால்வு கடுமையாகச் சுருங்கியவருக்குப் பிரஷர் ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடக்கூடும். இன்னொருவரின் இதய மாத்திரை யாருக்கும் முதலுதவி ஆகாது, 108-ஐக் கூப்பிடுவதுதான் முதலுதவி.

வயிற்றுக்குள் ரத்தம் கசிவதும் ஒரு விசித்திரமான அறிகுறி. 1958-இல் எட்வர்ட் ஹைட் என்ற மருத்துவர், வால்வு சுருங்கிய முதியவர்களுக்குக் காரணம் தெரியாத குடல் ரத்தக்கசிவு இருப்பதை எழுதினார். காரணம் பிற்பாடு தெரிந்தது. குறுகிய சந்தில் பீறிடும் ரத்தத்தில், ரத்தம் உறைய உதவும் வான் வில்லிபிராண்ட் என்ற பெரிய புரதம் கிழிபட்டுவிடுகிறது. வால்வை மாற்றினால் பலருக்குக் கசிவும் நின்றுவிடும். திரும்பத் திரும்ப ரத்தசோகை, இரும்புச் சத்து மாத்திரைக்கு மசியவில்லை என்றால் மார்பையும் ஒரு முறை கேட்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல காரணம் வேண்டுமா?

கேட்பது என்பது இங்கே நேர்ப் பொருளிலேயே. 1816-இல் பிரெஞ்சு மருத்துவர் ரெனே லென்னக் தாளைச் சுருட்டி மார்பில் வைத்துக் கேட்டதில் தொடங்கிய கருவி, இந்த நோயைப் பிடிப்பதில் இன்றும் முதல் வரிசையில் நிற்கிறது. மார்பெலும்பின் வலப்பக்கம், இரண்டாவது விலா இடைவெளியில் வைத்தால், லப்-டப் என்ற இரண்டு ஒலிகளுக்கு நடுவே கரகரவென்று ஒரு சத்தம் எழுந்து, உயர்ந்து, தணியும். அது கழுத்து வரைக்கும் ஏறிக் கேட்கும். கழுத்து நாடியைத் தொட்டால் மெல்ல, தாமதமாக எழும். அனுபவமுள்ள டாக்டருக்கு இதிலேயே பாதி சந்தேகம் தீர்ந்துவிடும். ஆனால் ஓர் எச்சரிக்கை: சத்தம் பெரிதாக இருந்தால் நோய் பெரிது என்று கணக்குப் போடக் கூடாது. இதயம் களைத்துத் தள்ளும் வலுவை இழந்துவிட்டால் சத்தம் குறைந்துவிடும். இரண்டாவது ஒலியான "டப்" மங்கிவிடும். போன வருஷம் கேட்ட சத்தம் இந்த வருஷம் குறைந்திருக்கிறது என்பது சில சமயம் கெட்ட செய்தி.

அடுத்தது எக்கோ. 1953-இல் ஸ்வீடனின் லுண்ட் நகரில் இங்கெ எட்லர் என்ற மருத்துவரும் ஹெல்முத் ஹெர்ட்ஸ் என்ற இயற்பியலாளரும், உலோகத்தில் விரிசல் தேடும் கருவியை இதயத்தின் பக்கம் திருப்பினார்கள். காதுக்குக் கேட்காத ஒலியலைகளை அனுப்பி, எதிரொலியிலிருந்து இதயத்தின் அசைவைப் பார்த்தார்கள். பிறகு அதோடு டாப்ளர் முறை சேர்ந்தது. ரத்தம் எவ்வளவு வேகத்தில் பாய்கிறது என்பதை அலைவரிசை மாறுவதைக் கொண்டு அளக்கும் முறை அது. 1970-களின் கடைசியில் நார்வேயின் லிவ் ஹாட்லே என்ற பெண் மருத்துவரும் அவரது குழுவினரும் அந்த வேகத்தை அழுத்தமாக மாற்றும் ஒரு சுலபக் கணக்கை நடைமுறைக்குக் கொண்டுவந்தனர். வேகத்தை அதாலேயே பெருக்கி, பிறகு நான்கால் பெருக்கு. அவ்வளவுதான். சாதாரண வால்வில் ரத்தம் வினாடிக்கு ஏறக்குறைய 1 மீட்டர் வேகத்தில் போகும், அழுத்த வேறுபாடு வெறும் 4. வேகம் 4 மீட்டர் ஆனால் வேறுபாடு 64 மில்லிமீட்டர் பாதரசம். அதுவரை இதயத்துக்குள் குழாயைச் செலுத்தித்தான் அறிய முடிந்த எண் இது. இப்போது மார்பில் ஜெல் தடவி, அரை மணி நேரத்தில், ஒரு ஊசிகூடக் குத்தாமல் கிடைத்துவிடுகிறது. மருத்துவத்தில் இயற்பியல் செய்த உதவிகளில் இதற்கு உயர்ந்த இடம் தர வேண்டும்.

எக்கோ அறிக்கையைக் கையில் வாங்கும் குடும்பம் மூன்று எண்களைப் பார்த்தால் போதும். உச்ச வேகம் வினாடிக்கு 4 மீட்டர் அல்லது அதற்கு மேல், சராசரி அழுத்த வேறுபாடு 40 அல்லது அதற்கு மேல், வால்வின் திறப்பு 1 சதுர சென்டிமீட்டர் அல்லது அதற்குக் கீழ் என்றால் கடுமையான சுருக்கம். லேசான சுருக்கத்துக்கு 3 முதல் 5 வருஷத்துக்கு ஒரு முறை, நடுத்தரத்துக்கு 1 அல்லது 2 வருஷத்துக்கு ஒரு முறை எக்கோ வேண்டும். எண்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாத நேரமும் வரும். திறப்பு சின்னது, ஆனால் வேகம் அதிகமில்லை. இதயம் சோர்ந்து ரத்தத்தை மெதுவாகத் தள்ளுவதால் இப்படி ஆகலாம். அப்போது டோபுட்டமின் மருந்து ஏற்றி இதயத்தைச் சற்றே முடுக்கிவிட்டுத் திரும்ப எக்கோ பார்ப்பார்கள், அல்லது சி.டி. ஸ்கேனில் வால்வில் படிந்த சுண்ணாம்பின் அளவை எண்ணுவார்கள். ஆண்களுக்கு 2,000, பெண்களுக்கு 1,200 என்ற அளவைத் தாண்டினால் கடுமையான சுருக்கமாக இருக்க வாய்ப்பு அதிகம்.

கிருஷ்ணகிரி மாவட்டத்துக்கு மருத்துவ வரலாற்றில் ஒரு பெருமை உண்டு. மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று இந்த மாவட்டத்தின் சாமனப்பள்ளி கிராமத்தில்தான் தொடங்கியது. பிரஷரும் சர்க்கரையும் வீட்டு வாசலில் பார்க்கப்பட்டன, மாத்திரை கைக்கு வந்தது. 2024-இல் ஐ.நா. அமைப்பின் விருதும் கிடைத்தது. நல்ல திட்டம் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் சுருங்கிய வால்வு இந்தச் சல்லடையில் சிக்காமல் நழுவிவிடும். பிரஷர் 120 காட்டும், சர்க்கரை சரியாக இருக்கும், "ஒண்ணும் இல்லம்மா" என்று சீட்டில் எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். வீட்டுக்கு வரும் தன்னார்வலர் மூச்சு வாங்குகிறதா, மயக்கம் வந்ததா, போன வருஷம் நடந்த தூரம் இப்போது நடக்க முடியவில்லையா என்று மூன்று கேள்வி கூடுதலாகக் கேட்டு, ஆம் என்றவர்களை ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரிடம் மார்பைக் கேட்க அனுப்பினால் போதும். புதுக் கருவி வாங்க வேண்டியதில்லை. டாக்டரின் கழுத்தில் அது ஏற்கெனவே தொங்குகிறது.

கண்டுபிடித்த பிறகு? மாத்திரையால் சரியாகுமா என்றுதான் முதலில் கேட்பார்கள். ஆகாது. கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை வால்வு இறுகுவதையும் நிறுத்தும் என்று ஒரு காலத்தில் பெரிய நம்பிக்கை இருந்தது. 1,873 பேரிடம் நடந்த ஐரோப்பிய ஆய்வின் முடிவு 2008-இல் வெளிவந்தபோது அது பொய்த்தது. கொழுப்பு குறைந்தது, வால்வு தன் போக்கில் சுருங்கியது. பிரஷருக்கும் நீர்க் கோவைக்கும் மாத்திரைகள் துணையாக இருக்கும். வால்வை மாற்றுவதுதான் சிகிச்சை.

அந்த முயற்சிக்கு நூறு வருஷத்துக்கு மேல் வயது. 1912-இல் பாரிஸில் தியோடர் டுஃபியே என்ற அறுவை மருத்துவர், பெருந்தமனியின் சுவரையே விரலால் உள்ளே அழுத்தி, சுருங்கிய வால்வை விரிக்கப் பார்த்தார். 1952-இல் அமெரிக்காவின் சார்லஸ் ஹஃப்நாகெல், கூண்டுக்குள் பந்து வைத்த செயற்கை வால்வைப் பெருந்தமனியின் கீழ்ப்பகுதியில் பொருத்தினார். இதய-நுரையீரல் இயந்திரம் வந்த பிறகு, 1960-இல் ட்வைட் ஹார்க்கன் அந்த வகை வால்வை அது இருக்க வேண்டிய இடத்திலேயே வைத்தார்.

இந்தியாவுக்கு இறக்குமதி வால்வு எட்டாத விலையில் இருந்தது. அதுவும் இங்கே வால்வு தேவைப்பட்டவர்களில் பெரும்பாலோர் ருமாட்டிக் காய்ச்சல் கண்ட ஏழை இளைஞர்கள். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனத்தின் இயக்குநராக இருந்த எம்.எஸ்.வலியத்தான், இதய அறுவை மருத்துவர், இங்கேயே செய்துவிடுவது என்று இறங்கினார். சாய்ந்து திறக்கும் தட்டு ஒன்று, அதைப் பிடித்திருக்கும் உலோக வளையம், தைப்பதற்குத் துணி விளிம்பு. கேட்க எளிது. முதல் வடிவத்தில் பற்றவைத்த இடம் சோதனையில் விட்டுப்போனது. அடுத்து, கடினமான செயற்கை நீலக்கல்லில் தட்டு செய்தார்கள், அது டைட்டானியம் வளையத்தையே தேய்த்தது. உலோகத்தை மாற்றினார்கள். அப்போது ஆட்டின் இதயத்தில் வைத்த நீலக்கல் தட்டு உடைந்தது. வருஷக்கணக்கான உழைப்பு, அரசுப் பணம், விட்டுவிடலாம் என்று யாரும் சொல்லியிருக்கலாம். விடவில்லை. நான்காவது வடிவத்தில் கோபால்ட்-குரோமியம் வளையமும், மிக அதிக மூலக்கூறு எடை கொண்ட பாலிஎதிலீன் தட்டும் சேர்ந்தன. 1990 டிசம்பர் 6 அன்று முதல் மனிதருக்கு அந்த வால்வு பொருத்தப்பட்டது.

அதைத் தொழிலாகச் செய்ய முன்வந்தது சென்னையைச் சேர்ந்த டி.டி.கே. குழுமம். ஓசூர் சிப்காட்டில் பிரெஸ்டீஜ் பிரஷர் குக்கர் செய்யும் அதே குழுமம்தான். டி.டி.கே. சித்ரா வால்வு என்ற பெயரில் 1 லட்சத்துக்கும் மேற்பட்ட இதயங்களுக்குள் அது போய்ச் சேர்ந்திருக்கிறது. வலியத்தான் 2024 ஜூலை 17 அன்று காலமானார். இந்தப் பக்கத்தில் யாருக்காவது மலிவில் வால்வு மாற்றப்பட்டிருந்தால், அதற்குப் பின்னால் அவருடைய பிடிவாதம் இருக்க வாய்ப்பு உண்டு.

உலோக வால்வு பல பத்தாண்டு உழைக்கும். விலையாக, ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் அல்லது அசிட்ரோம் மாத்திரையை வாழ்நாள் முழுக்கச் சாப்பிட வேண்டும். ஐ.என்.ஆர். என்ற ரத்தப் பரிசோதனையை டாக்டர் சொன்ன இடைவெளியில் தவறாமல் பார்க்க வேண்டும். கீரையை ஒதுக்க வேண்டியதில்லை, ஆனால் ஒரு வாரம் தினமும் முருங்கைக்கீரை, அடுத்த வாரம் எதுவுமில்லை என்று தாறுமாறாகச் சாப்பிட்டால் அளவு கலைந்துவிடும். மாட்டின் இதய உறையாலோ பன்றியின் வால்வாலோ செய்த திசு வால்வுக்கு இந்த வாழ்நாள் மாத்திரை பெரும்பாலும் தேவையில்லை, ஆனால் 10 முதல் 15 வருஷத்தில் அது தேய்ந்துவிடலாம். அதனால்தான் இளையவர்களுக்கு உலோகம், 65-ஐத் தாண்டியவர்களுக்குத் திசு என்று பொதுவாகச் சொல்கிறார்கள். பிள்ளை பெற விரும்பும் இளம்பெண்ணுக்கு வார்ஃபரின் கருவைப் பாதிக்கும் என்பதால் கணக்கே வேறு. முன்கூட்டியே பேசி முடிவெடுக்க வேண்டும். எந்த வால்வானாலும் பல்லைச் சுத்தமாக வைத்திருக்க வேண்டும், பல் பிடுங்கும் முன் வால்வு மாற்றியதைப் பல் டாக்டரிடம் சொல்ல வேண்டும். வாய்க் கிருமி ரத்தத்தில் கலந்து புது வால்வில் குடியேறினால் உயிருக்கே ஆபத்து.

மார்பைத் திறக்காமல் வால்வு வைக்க முடியுமா? 1989-இல் அமெரிக்காவில் ஸ்டென்ட் பற்றிய ஓர் உரையைக் கேட்ட டென்மார்க் மருத்துவர் ஹென்னிங் ரூட் ஆண்டர்சனுக்கு அந்த யோசனை வந்தது. கம்பி வலைக்குள் பன்றியின் வால்வைத் தைத்து, மடக்கி, குழாய் வழியே அனுப்பி, பலூனால் விரித்து, அதே வருஷம் ஒரு பன்றியின் இதயத்தில் வைத்துக் காட்டினார். பெரிய ஆய்விதழ்கள் அவர் கட்டுரையைத் திருப்பி அனுப்பின. 1992-இல்தான் அது அச்சேறியது. மனிதரில் செய்தவர் பிரான்ஸின் ரூவான் நகரத்து அலென் கிரிபியே. 2002 ஏப்ரல் 16, நோயாளிக்கு வயது 57, அறுவை மருத்துவர்கள் கைவிட்ட நிலை. கால் தமனிகள் அடைபட்டிருந்ததால் சிரை வழியே சென்று, இதயத்தின் இடைச்சுவரைத் துளைத்து, வால்வை வைத்தார். வால்வு வேலை செய்தது. அந்த மனிதர் வேறு சிக்கல்களால் சில மாதங்களில் இறந்தார், ஆனால் வழி திறந்துவிட்டது.

டாவி என்று சுருக்கமாக அழைக்கப்படும் இந்த முறையில் இன்று பெரும்பாலும் தொடைத் தமனி வழியாகவே போகிறார்கள். 2010-இல் வெளியான பார்ட்னர் ஆய்வு, அறுவைக்கு உடம்பு தாங்காது என்று விடப்பட்டவர்களிடம் நடந்தது. வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் ஒரு வருஷத்துக்குள் இறந்தோர் 50.7 சதவீதம், டாவி செய்தவர்களில் 30.7 சதவீதம். குஜராத்தின் வாபியில் உள்ள மெரில் நிறுவனம் மைவால் என்ற இந்திய டாவி வால்வை உருவாக்கி, 2018-இல் இந்திய ஒப்புதல் பெற்றது. 2024-இல் லான்செட் இதழில் வந்த ஒப்பீட்டு ஆய்வில் அது வெளிநாட்டு வால்வுகளுக்குக் குறைந்ததல்ல என்று தெரிந்தது. இருந்தும் தனியார் மருத்துவமனையில் டாவிக்குப் பல லட்ச ரூபாய் ஆகிறது, நெஞ்சைத் திறந்து செய்யும் அறுவையைவிடப் பல மடங்கு. பக்கவாதம், ரத்தக் குழாய்க் காயம், வால்வைச் சுற்றிக் கசிவு, பேஸ்மேக்கர் தேவைப்படுவது போன்ற அபாயங்கள் இதிலும் உண்டு. எழுபத்தைந்தைத் தாண்டியவருக்கு டாவி நல்ல தேர்வு. ஐம்பது வயதுக்காரருக்கு, கடன் வாங்கியாவது அதைச் செய்ய வேண்டும் என்பதில்லை. நல்ல கைகளில் அறுவை அவருக்குச் சமமாகவோ மேலாகவோ பலன் தரும்.

அறிகுறி இல்லாமல் கடுமையான சுருக்கம் இருப்பவர் காத்திருக்கலாமா என்பது நீண்ட விவாதம். 2024-இல் வெளியான எர்லி டாவர் ஆய்வில் 901 பேர் சேர்ந்தார்கள். ஒரு பாதியினருக்கு உடனே டாவி, மறுபாதியினரைக் கண்காணித்தார்கள். காத்திருந்தவர்களில் 87 சதவீதம் பேருக்குச் சில வருஷங்களுக்குள் வால்வை மாற்ற வேண்டியதாயிற்று. "இப்போ ஒண்ணும் பண்ணலயே, அப்புறம் பாத்துக்கலாம்" என்ற பேச்சுக்கு அந்த எண் பதில் சொல்லிவிட்டது. மேலும், அறிகுறி இல்லை என்பவர்களில் பலர் அறிகுறி வராத அளவுக்குத் தங்கள் நடமாட்டத்தையே சுருக்கிக்கொண்டவர்கள். சந்தைக்குள் போகாதவருக்கு சந்தையில் மூச்சு வாங்காது.

பணம் என்ற சுவரைப் பற்றியும் சொல்லாமல் விட முடியாது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கும். வால்வு மாற்று அறுவை அதன் பட்டியலில் இருக்கிறது. போலுப்பள்ளியில் 2022-இல் திறந்த கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி பக்கத்திலேயே இருக்கிறது, முதல் பரிசோதனைக்கு அங்கே போகலாம். பெரிய சிகிச்சைக்கு இந்தப் பகுதி மக்கள் வேலூர் சி.எம்.சி.க்கும், எல்லை தாண்டி பெங்களூரு ஜெயதேவா இதய மருத்துவமனைக்கும் போகிறார்கள். கர்நாடகம் போகிறவர்கள் தங்கள் காப்பீட்டு அட்டை அங்கே செல்லுமா என்பதை 104 எண்ணிலோ மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவிலோ முன்பே கேட்டுக்கொள்வது அலைச்சலைக் குறைக்கும். பழைய எக்கோ அறிக்கைகளை ஒரு கோப்பில் சேர்த்து எடுத்துப் போங்கள். இடுப்பெலும்பு முறிவு, குடலிறக்கம் என்று வேறு அறுவைக்குப் போனாலும் மயக்க மருந்து டாக்டரிடம் வால்வுச் சுருக்கத்தை முதலில் சொல்லுங்கள், முதுகில் போடும் ஊசியால் பிரஷர் சரிவது இவர்களுக்குப் பெரிய ஆபத்து.

சிப்காட் ஆலைகளில் வேலை செய்யும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. மாதம் 21,000 ரூபாய் வரை ஊதியம் வாங்கி இ.எஸ்.ஐ. பிடித்தம் போகிறவர்களின் அட்டையில், விதிகளுக்கு உட்பட்டு, உங்களைச் சார்ந்து வாழும் அப்பா அம்மாவையும் சேர்க்கலாம். அடுத்த வார விடுமுறை நாளில் ஊருக்குப் போகும்போது, அறுபதைத் தாண்டிய அவர்களிடம் மாடிப்படி ஏறினால் எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். பிறகு டாக்டரிடம் கூட்டிப்போய், "ஒரு தடவை நெஞ்சை நல்லா கேட்டுச் சொல்லுங்க டாக்டர்" என்று நீங்களே கேட்டு வாங்குங்கள்.